செண்டுக்கும் ரிட்டர்னுக்கும் நடுவில்

கரோல் பாக்கில் மூன்றாம் மாடி அறை. சுவரில் முருகன் காலண்டர், அதன் கீழே கறுப்பு ஆம்ப். நண்பரின் மகன் கிட்டாரை மடியில் வைத்து ஒரு கம்பியைச் சுண்டினான்.

"கேட்டீங்களா மாமா? இங்க நல்லாத்தான் இருக்கு. பிராக்டிஸ் ஹாலுக்குக் கொண்டுபோனா மட்டும் எதிரொலி கரகரங்குது. பெடல் டூப்ளிகேட்டுன்னு எல்லாரும் சொல்றாங்க."

தில்லியில் எது கெட்டாலும் முதலில் விழும் பட்டம் அதுதான். செகண்ட் ஹாண்டில் வாங்கிய, எதிரொலி எழுப்பும் டிலே பெடல் அது. மூடியைக் கழற்றிப் பார்த்தேன். குறை எதுவும் கண்ணில் படவில்லை. அதனால் பெடலை ஓரமாக வைத்துவிட்டு, அவன் சுண்டிய கம்பியில் பிறந்த சிக்னலின் பின்னாலேயே போய்ப் பார்த்துவிடுவது என்று உட்கார்ந்தேன். எனக்குச் சுருதி போதாது. சால்டரிங் அயர்ன் பிடிக்க வரும்.

கம்பிக்குக் கீழே பிக்கப். காந்தத்தின் மேல் தலைமுடியை விட மெல்லிய செம்புக் கம்பியை ஆயிரக்கணக்கான சுற்று சுற்றியிருப்பார்கள். எஃகுக் கம்பி அதிர்ந்தால் காந்தப்புலம் கலைகிறது, சுருளில் மின்னழுத்தம் பிறக்கிறது. எவ்வளவு? சாதாரணமாக 0.1 வோல்ட்டை ஒட்டி. அதிலிருந்து கொஞ்சம் அதிகமாக உறிஞ்சினாலும் ஒலி மங்கிவிடும் என்பதால், ஆம்பின் வாசலில் 10 லட்சம் ஓம் தடை வைத்து, ஒட்டியும் ஒட்டாமலும் வாங்கிக்கொள்கிறார்கள். கிட்டார் பெடல்களும் இந்தப் பூஞ்சையான சிக்னலை மனதில் வைத்துச் செய்யப்பட்டவையே.

உள்ளே பிரீஆம்ப். சிக்னல் இங்கேதான் சாப்பிட்டு வளர்கிறது. வேண்டுமென்றே முறுக்கேற்றிக் கரகரப்பாக்குவதும் இங்கேதான். டிலே பெடலை இதற்கு முன்னால் மாட்டினால் எதிரொலியும் சேர்ந்து நசுங்கிக் கூழாகும். ஆகவே ஆம்ப் செய்பவர்கள் பிரீஆம்புக்கும் பவர் ஆம்புக்கும் நடுவே சுவரை உடைத்து இரண்டு வாசல் வைத்தார்கள். வெளியே அனுப்ப செண்ட், திரும்பி வர ரிட்டர்ன். அதுதான் எஃபெக்ட்ஸ் லூப்; பையனின் பெடலும் அங்கேதான். முறுக்கேறிய ஒலி வெளியே போய், எதிரொலி பூசிக்கொண்டு திரும்பி வரும்.

ஆனால் செண்ட் வழியே வெளியே வருவது 0.1 வோல்ட் குழந்தை அல்ல. ஸ்டூடியோக் கருவிகளுக்கான +4 என்ற அளவுக்கு அது வளர்ந்திருக்கலாம். அதாவது 1.23 வோல்ட்.

இந்த +4 எங்கிருந்து வந்தது என்பது தனிக் கதை. டெலிபோன்காரர்கள் 600 ஓம் லைனில் ஒரு மில்லிவாட் சக்தி ஓடுவதைப் பூஜ்யம் என்று வைத்துக்கொண்டார்கள், அது 0.775 வோல்ட். வானொலியும் அதே கம்பியில் தொற்றிக்கொண்டது, ஸ்டூடியோவிலிருந்து டிரான்ஸ்மிட்டருக்கு ஒலி போனது பெரும்பாலும் டெலிபோன் லைனில்தான். 1939இல் அமெரிக்காவில் பெல் ஆய்வகமும் என்பிசி, சிபிஎஸ் வானொலிகளும் சேர்ந்து முள் ஆடும் மீட்டர் ஒன்றைத் தரப்படுத்தின. மீட்டரை நேராக லைனில் மாட்டினால் ஒலி கெடும். எனவே நடுவே 3,600 ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போட்டார்கள். அது தின்றதை ஈடுகட்ட, லைனில் 4 டெசிபெல் கூட்டிக் கொடுத்தால்தான் முள் பூஜ்யத்தில் நின்றது. ஒரு மீட்டரின் கூச்சம் உலகத்து ஸ்டூடியோக்களுக்கெல்லாம் சட்டமாகிவிட்டது! 1936 ஜனவரி 1இல் தில்லி நிலையம் தொடங்கிய அகில இந்திய வானொலியும் அந்தக் காலத்துப் பிள்ளை. "ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயணசுவாமி" என்று காலையில் தில்லியிலிருந்து நம் ஊர்ச் சமையலறைக்கு வந்த குரலையும் ஏதோ ஓர் அறையில் ஏதோ ஒரு முள் அளந்துகொண்டுதான் இருந்திருக்கும்.

பெடலுக்கு இந்தச் சட்டம் தெரியாது. ரோலண்ட் ஜேசி-120 மாதிரி சில ஆம்ப்களின் லூப்பில் ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும்: ஒரு பக்கம் +4, மறுபக்கம் -20. பின்னது பெடலுக்கு. இரண்டுக்கும் இடைவெளி 24 டெசிபெல், வோல்ட்டில் ஏறத்தாழ 16 மடங்கு. அரை ஆழாக்கில் ஒரு படி அரிசியைக் கொட்டினால் என்ன ஆகுமோ அதுதான் 9 வோல்ட் பெடலுக்குள்ளும் ஆகும். 1.23 வோல்ட் என்பது சராசரிக் கணக்கு. மேல் முகட்டிலிருந்து கீழ்ப் பள்ளம் வரை அளந்தால் 3.5 வோல்ட். ஓங்கி அடித்த நொடியில் அது நாலு மடங்கு எகிறினால் 14 வோல்ட். 9 வோல்ட்டில் ஓடும் பெடலுக்குள் அலை ஏறி இறங்க இருப்பதோ ஏழெட்டு வோல்ட்தான். தலையும் காலும் வெட்டுப்பட்டு அலை சப்பையாகிறது. அதுதான் அந்தக் கரகரப்பு.

சரி, இந்த அறையில் ஏன் நன்றாக இருக்கிறது? பையனின் ஆம்பில் அந்தச் சுவிட்ச் இல்லை; ஒரே வால்யூம் குமிழ், அதுவும் லூப்புக்கு முன்னால். மேல் வீட்டு மாமி தூங்குகிறாரே என்று தணித்து வைத்தால் செண்டும் தணிகிறது. ஹாலில் டிரம்ஸுக்கு ஈடாகத் திருகினால் செண்ட் வீங்குகிறது. மல்டிமீட்டர் வைத்துப் பார்த்தேன்: இங்கே 0.1 வோல்ட், ஹால் அளவுக்குத் திருகினால் ஒன்றைத் தாண்டியது. லூப்புக்குப் பின்னால் இன்னொரு மாஸ்டர் குமிழ் இருந்திருந்தால் காசே செலவில்லை. முன்னதைக் குறைத்துப் பின்னதைக் கூட்டினால் முடிந்தது.

செங்கோட்டைக்கு எதிரே லாஜ்பத் ராய் மார்க்கெட்டுக்குப் போய் ரெசிஸ்டர் வாங்கி வந்தேன். பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு பட்டை போட்டது 10 ஆயிரம் ஓம். பழுப்பு, கறுப்பு, சிவப்பு ஆயிரம் ஓம். இரண்டையும் வரிசையாகப் பற்றவைத்து, சின்னதன் தலையிலிருந்து எடுத்தால் பதினொன்றில் ஒரு பங்குதான் பெடலுக்குப் போகும். கரகரப்பு போயே போச்சு. கூடவே சத்தமும் போச்சு! பெடலிலிருந்து திரும்பி வந்த நோஞ்சான் சிக்னலால் பவர் ஆம்பை அசைக்கவே முடியவில்லை. வாங்கும்போது சுருக்கினால் திருப்பிக் கொடுக்கும்போது பெருக்கியாக வேண்டும் என்பதை நான் மறந்திருந்தேன்.

மறுநாள் டிஎல்072 என்ற பெருக்கிச் சிப் ஒன்றை ரிட்டர்ன் பக்கம் போட்டேன். அதற்கும் அதே 10 ஆயிரம், ஆயிரம் ஜோடிதான்; இந்த முறை பதினொரு மடங்கு பெருக்க. பெருக்கிக்கு 14 வோல்ட் இடம் வேண்டுமே என்று 9 வோல்ட் பேட்டரி இரண்டு. ஒரு குறை உண்டு: பெடலின் சொந்த இரைச்சலும் பதினொரு மடங்காகிறது. வாசிக்காமல் கைகட்டி நின்றால் லேசாக உஸ்ஸென்று கேட்கும். ஹாலில் அது யாருக்கும் கேட்காது என்று நான் சொன்னதைப் பையன் முழுக்க நம்பவில்லை. அவன் செய்தது சரி.

பக்கத்திலேயே, 16/330 கஜூர் சாலை என்ற பழைய வீட்டில்தான் இந்தியன் ஓஷன் என்ற ராக் இசைக்குழு வருடக்கணக்காகப் பயிற்சி செய்தது. 2010இல் வந்த ஆல்பத்துக்கு அந்த முகவரியையே பெயராக வைத்தார்கள். பையனுக்கு அது ஷேத்திரம் மாதிரி. அந்தப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு, மாமி கோவிலுக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்து வால்யூமை ஹால் அளவுக்குத் திருகினான்.

சுண்டினான். கம்பி, பிக்கப், கேபிள், பிரீஆம்ப், செண்ட், பதினொன்றில் ஒன்று, பெடல், பதினொரு மடங்கு, ரிட்டர்ன், பவர் ஆம்ப், ஸ்பீக்கர். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எதிரொலி ஒவ்வொன்றாகத் தேய்ந்து போனது, பிசிறே இல்லை. பெடலைக் காலால் அணைத்தான், போட்டான், அணைத்தான். சத்தம் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

"பேட்டரி எவ்வளவு நாள் வரும் மாமா?"

"வாசிச்சு முடிச்சதும் கேபிளைப் பிடுங்கி வெச்சா மாசக்கணக்குல வரும். மாட்டினபடியே தூங்கிட்டா ஒரு வாரம்."