செக்ரோலில் பெயர் இல்லாதவருக்கு வைத்தியர் யார்?

மாதச் சந்தா செலுத்தி ஒரு வைத்தியரின் பதிவேட்டில் அங்கத்தவராகச் சேர்ந்து, நோய் வரும்போதெல்லாம் தனிக்கட்டணமின்றி அவரை நாடும் முறை அமெரிக்காவில் பரவி வருகின்றது. 1996இல் சியாட்டில் நகரில் செல்வந்தருக்கென இது தொடங்கிற்று. பின்னர் நடுத்தர வருமானத்தினருக்கும் ஏற்ற சந்தாவில் நிலையங்கள் தோன்றின. 2010ஆம் ஆண்டின் சுகாதாரச் சட்டம் இதற்கு இடமளித்தது. 2023இல் அமேசான் நிறுவனம் ஏறத்தாழ 390 கோடி டொலருக்கு 'வன் மெடிக்கல்' என்னும் அங்கத்துவ வைத்திய நிறுவனத்தை வாங்கியது. சந்தா முறையில் வைத்தியர் குறைந்த எண்ணிக்கையினரையே ஏற்கிறார். ஆகவே ஒவ்வொருவருக்கும் கூடுதல் நேரம் கிடைக்கின்றது. பதிவேட்டிற்கு வெளியே நிற்பவர்களுக்கு வைத்தியர்கள் குறைகின்றனர் என்பது இதன் மறுபக்கம்.

எனினும் இது புதிய கண்டுபிடிப்பன்று. வேல்ஸ் நாட்டின் திரெடெகார் என்னும் சுரங்க நகரில் 1890இல் தொழிலாளர் மருத்துவ உதவிச் சங்கம் அமைந்தது. சம்பளத்தில் பவுணுக்கு மூன்று பென்ஸ் வீதம் செலுத்திய தொழிலாளர்கள் தாமே வைத்தியர்களை நியமித்தனர். சுரங்கத்தில் வேலை செய்யாத நகரவாசிகளும் சந்தா கட்டிச் சேர முடிந்தது. அவ்வூரிற் பிறந்த அனியூரின் பெவன் சுகாதார அமைச்சராகி, 1948இல் பிரித்தானிய தேசிய சுகாதார சேவையைத் தொடக்கி வைத்தபோது அச்சங்கத்தையே முன்மாதிரியாகக் கொண்டார்.

நமது மலையகத்திலும் பதிவேட்டோடு பிணைந்த வைத்தியம் இருந்தது. 1872இல் தொடங்கிய மருத்துவத் தேவைகள் சட்டங்கள் 1912ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டமாகத் தொகுக்கப்பட்டன. லயன்களைச் சுகாதாரமாக வைத்திருத்தல், நோயுற்றோரைப் பற்றி அறிந்து உடனடி நிவாரணம் அளித்தல், கடும் நோயில் மாவட்ட வைத்திய அதிகாரியை அழைத்தல், பிள்ளை பெற்ற பெண் தொழிலாளிக்கு ஒரு மாதம் உணவும் உறைவிடமும் கிடைக்கச் செய்தல் ஆகியன தோட்டத் துரையின் கடமைகளாயின. அன்றைய நிலையில் இவை சிறியவை அல்ல. ஆனால் திரெடெகாரில் பதிவேடு தொழிலாளியின் கையில் இருந்தது. இங்கு துரையின் மேசையில் இருந்தது. பிரட்டுக்களத்தில் பெயர் போடும் அதே நிர்வாகமே நோயாளி வைத்தியசாலைக்குச் செல்லவேண்டுமா என்பதையும் தீர்மானித்தது.

1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் சென்றது. தோட்ட வைத்தியசாலைகள் சிலவற்றை அரசு பொறுப்பேற்றது. ஏனையவை தோட்ட வைத்திய உதவியாளரின் பொறுப்பிலேயே தொடர்ந்தன. அவர் பட்டம் பெற்ற வைத்தியர் அல்லர். ஆயினும் இரவு நேரத்தில் அருகில் கிடைத்தவர் அவரே என்பதை மலையகத்தார் அறிவர்.

இதற்கிடையே கம்பனிகளின் தொழிலாளர் தொகை 1992இல் இருந்ததில் பாதிக்கும் கீழே இறங்கிவிட்டது. இளைஞர் கொழும்பிலே கடைகளில் வேலை செய்கின்றனர். ஓய்வு பெற்ற பெற்றோர் லயத்திலேயே இருக்கின்றனர். ஹோர்ட்டன் சமவெளியின் அடிவாரத்திலுள்ள டயகமவை எடுத்துக்கொள்வோம். அங்கு ஒரு லயத்துக் குடும்பத்தில் ஒருவரின் பெயர்கூட செக்ரோலில் இல்லாதிருக்கலாம். கடும் நோயெனில் அக்கரப்பத்தனை, லிந்துலை வழியாக நுவரெலியா செல்லவேண்டும். முச்சக்கர வண்டிக்கான பணமே அக்குடும்பத்தின் உண்மையான வைத்தியக் கட்டணம். நீரிழிவு, உயர் குருதியமுக்கம் போன்ற நோய்களுக்கு மாதந்தோறும் மருந்து தேவைப்படுகையில் இச்சுமை மேலும் பெரிது.

2018இல் அரசு ஏற்றுக்கொண்ட ஆரம்ப சுகாதாரக் கொள்கை, சுமார் 5,000 பேருக்கு ஒரு குடும்ப வைத்தியர் என்ற அளவில் மக்களைப் பதிவு செய்வதை நோக்கமாகக் கொண்டது. இதற்குச் சந்தா கிடையாது. எல்லையும் தொழிலன்று, வதிவிடம். செக்ரோலுக்கு மாற்றாக வரக்கூடிய பதிவேடு இதுவே என்பதால் மலையகம் இதனை வரவேற்கவேண்டும். ஆனால் வதிவிடத்தைக் காட்டுவதே இங்கு சிக்கல். லயத்து வீடுகள் பலவற்றுக்குத் தனி முகவரி இல்லை. கடிதங்கள் தோட்டக் காரியாலயத்துக்கே வருகின்றன. கிராம உத்தியோகத்தர் பிரிவுகளோ மிகப் பெரியவை. தோட்டத்தின் பெயர்ப்பட்டியலையே வாங்கி இப்பதிவை முடித்தால், தொழில் செய்யாதவர்கள் மீண்டும் விடுபடுவர். ஆகவே சுகாதார அமைச்சின் ஊழியர்கள், தமிழ் தெரிந்தவர்களாக, லயம் லயமாகச் சென்று பெயர் எழுதவேண்டும். அத்துடன், இன்னும் பணியில் உள்ள தோட்ட வைத்திய உதவியாளர்கள் இம்முறையில் எவ்விடத்தைப் பெறுவர் என்பதையும் பதிவு தொடங்குமுன் அமைச்சு அறிவிக்கவேண்டும்.