வயிரம்: கல்லிலும் கட்டையிலும்

‘வை’ என்றால் கூர்மை. கூர்மையான கல் ஆதலால் ‘வைரம்’ என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். தொல்காப்பிய உரியியல் ‘வை’க்குக் கூர்மைப் பொருள் தருவது மெய்யே. ஆனால் சிலம்பின் இந்திரவிழவூரெடுத்த காதையில் வழங்கும் வடிவம் ‘வயிரம்’. ‘வைரம்’ பின்னாளைய சுருக்கம். சுருங்கிய வடிவத்தை வெட்டி வேர் காண்பது ஆராய்ச்சியாகாது. வைரத்திலிருந்தே ‘வைராக்கியம்’ பிறந்தது என்பாரும் உண்டு. அது விராகத்தின் வழிவந்தது. பற்றின்மை என்பதே அதன் பொருள். இவற்றுக்கு மேல் மறுப்பு வேண்டியதில்லை.

வடமொழி வஜ்ரம் நம்மிடம் இரண்டு வழியில் வந்தது. ஒன்று வச்சிரம்: சிலம்பின் வச்சிரக்கோட்டமும், பலகைகளை ஒட்டத் தச்சர் காய்ச்சும் வச்சிரப் பசையும் அந்த வழி. பிராகிருத ‘வஇர’ வழியாக வந்தது வயிரம். ஆக, கல்லின் பெயர் இரவல்தான்.

கட்டையின் வயிரமோ நம்முடையது. தொல்காப்பிய மரபியல், புறத்தே காழ் (இறுகிய வன்பகுதி) உள்ளதைப் புல் என்றும் அகத்தே காழ் உள்ளதை மரம் என்றும் பிரித்தது. பனை புல்லினம் ஆனது அப்படித்தான். அந்த அகக்காழின் இடத்தில்தான் வயிரம் குடியேறியது. பேரையூர்ப் பக்கம் கருவேலங்கட்டையை அறுத்துப் பாருங்கள்: வெளியே வெளுப்பு, உள்ளே செம்பழுப்பு. கோடரி எகிறும் இடம் வந்ததும் ‘வைரம் பாஞ்ச கட்டை’ என்பார்கள்.

அந்தக் கட்டையை இறுக்கும் லிக்னினில் பென்சீன் வளையங்கள் இருக்கின்றன; ஒவ்வொன்றிலும் ஆறு கார்பன் அணுக்கள் தட்டையான அறுகோணமாகக் கைகோத்திருக்கும். வயிரம் பாயும்போது வளையங்கள் கொண்ட வேறு சேர்மங்களும் உட்கட்டையில் படிகின்றன. கரிமூட்டத்தில் மண்பூசி மூடிக் காற்று குறைத்து வேகவிட்டால், வளையங்கள் ஒன்றோடொன்று இணைந்து சிறு தகடுகளாகின்றன. தகடுகள் பரந்து ஒழுங்கான அடுக்குகளாக அமைந்தால் கிராஃபைட். அடுக்குகளுக்கிடையே பிடிப்பு தளர்வு. அதனால்தான் பென்சில் தாளில் எழுதுகிறது. கல் வயிரத்தில் ஒவ்வொரு கார்பனும் நான்கு கார்பன்களைப் பற்றுகிறது. பிணைப்புக் கோணம் சுமார் 109.5 பாகை. அங்கும் ஆறணு வளையங்கள் உண்டு. ஆனால் அவை மடங்கி, முப்புறமும் பின்னியவை. வழுக்கிப் போக அங்கே அடுக்கே இல்லை.

சாப்டூர் மலைக்கு அப்பால் வத்திராயிருப்பில் 1898இல் பிறந்து, மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்தவர் இயற்பியலாளர் கே. எஸ். கிருஷ்ணன். 1930களில், இதே தட்டை வளையங்கள் கொண்ட நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களையும் கிராஃபைட்டையும் காந்தப்புலத்தில் வைத்து அளந்தார். வளையத்தின் தளத்துக்குச் செங்குத்தாக டயாகாந்தத் தன்மை (காந்தப்புலத்தை விலக்கும் தன்மை) மிகுந்திருந்தது. அதைக்கொண்டே படிகத்துக்குள் மூலக்கூறுகள் எப்படிச் சாய்ந்திருக்கின்றன என்று கணித்தார்.

முன்னோர் அணுவை அறிந்து பெயரிட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. கல்லுக்கும் கட்டைக்கும் ஒரே பெயர் பொருந்தும் என்று கண்டது கோடரி பிடித்த கையின் அறிவு. வந்த சொல்லுக்குக் காழின் பொருளை ஊட்டியது தமிழ். கூர்மையும் ஒளியும் கல்லுக்கு மட்டுமே உரியவை. இரண்டுக்கும் பொதுவானது உள்ளிருந்து இறுகும் பிணைப்பு. தமிழில் வயிரம் என்றால் அந்த இறுக்கமே என்பது என் துணிபு.