புலமையும் பரிசிலும்: மட்டக்களப்பு வாவிக்கரையின் கல்வி வரலாற்றில் ஒரு நோக்கு

தமிழகத்தார் 'கல்வி உதவித்தொகை' என வழங்குவதை ஈழத்தவராகிய நாம் 'புலமைப்பரிசில்' என்கிறோம். சுட்டும் பொருள் ஒன்றேயாயினும் இவ்விரு சொற்களும் இரு வேறு கருத்துக்களை உட்கொண்டுள்ளன. உதவி என்பது பெறுவோனின் இல்லாமையை முன்வைக்கிறது. பரிசில் என்பது அவனது தகைமையை முன்வைக்கிறது. சங்ககாலப் புலவர்கள் வறுமை காரணமாகவே பரிசில் நாடிச் சென்றனர். எனினும் பெற்ற பொருளைத் தம் புலமைக்குரிய மதிப்பாகவே அவர்கள் கொண்டனர். தம்மை நேரிற் காணாது அதியமான் நெடுமான் அஞ்சி கொடுத்தனுப்பிய பொருளைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்த செய்தியைப் புறநானூறு கூறுகின்றது. வறுமையும் புலமையும் ஒருவரிடத்தே ஒருங்கு காணப்பட்டமையால், அக்காலத்தில் இவ்விரண்டையும் வேறுபிரித்து அளக்கவேண்டிய தேவை எழவில்லை.

நவீன அரசு இவ்விரண்டையும் வேறாக்கியது. புலமையை அளக்கப் பரீட்சை வந்தது; வறுமையை அளக்கச் சான்றிதழ் வந்தது. இவ்விரு அளவுகோல்களும் மட்டக்களப்பு வாவியின் இருகரை மக்களுக்கு எவ்வாறு பயன்பட்டன, எங்கே பயன்படாது போயின என்பதை வரலாற்று அடிப்படையில் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இப்பிரதேசத்தின் நிலவமைப்பை நினைவிற் கொள்ளல் வேண்டும். வடக்குத் தெற்காக ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கும் வாவி இந்நிலத்தை எழுவான்கரை, படுவான்கரை என இரண்டாகப் பிரிக்கின்றது. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய எழுவான்கரையிலே நகரும் பெருவீதியும் கல்லூரிகளும் அமைந்தன. வவுணதீவு, கொக்கட்டிச்சோலை, வெல்லாவெளி முதலிய ஊர்களைக் கொண்ட படுவான்கரை, நெல்லை விளைவித்தும் கல்வியில் நெடுங்காலம் பின்தங்கியே நின்றது. மண்முனைத் துறையிற் பாலம் திறக்கப்பட்டது 2014ஆம் ஆண்டிலேதான். அதுவரை அங்கு ஓடமே வழியாயிருந்தது. ஆகவே இப்பிரதேசத்துப் பிள்ளைக்குக் கல்வியின் விலை பாடசாலைக் கட்டணம் மட்டுமன்று. தூரமும் அவ்விலையில் அடங்கியிருந்தது.

1814ஆம் ஆண்டு மட்டக்களப்புக்கு வந்த வெஸ்லியன் மிசனரி வில்லியம் ஓல்ட் தொடக்கிய பாடசாலையே இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரியின் வித்தாகும். கத்தோலிக்கத் திருச்சபையின் முயற்சியால் 1873இல் தோன்றிய பாடசாலை பின்னர் புனித மிக்கேல் கல்லூரியாக வளர்ந்தது. இக்கல்லூரிகள் இப்பிரதேசத்துக்கு ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும் குடியேற்ற ஆட்சியின் கல்வி முறையில் ஆங்கிலக் கல்வி கட்டணத்துக்கு உரியதாகவும், தாய்மொழிக் கல்வி கட்டணமற்றதாகவும் இருந்தன. உத்தியோகமோ ஆங்கிலம் கற்றவருக்கே உரியதாயிற்று. இதனால் வறியவனுக்குக் கல்வி மறுக்கப்பட்டது என்பதைவிட, அவனை எங்கும் இட்டுச்செல்லாத கல்வியே அவனுக்கு அளிக்கப்பட்டது என்பது பொருந்தும்.

அக்காலப் புலமைப்பரிசில் இந்நிலையை மாற்றவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மிகச் சிறந்த மாணவரைத் தெரிந்து ஆங்கிலப் பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பும் வழக்கம் ஏற்பட்டது. பொன்னம்பலம் அருணாசலம் இவ்வழியே கேம்பிரிட்ஜ் சென்று, 1875இல் திறந்த போட்டிப் பரீட்சை மூலம் சிவில் சேவையிற் சேர்ந்த முதல் இலங்கையரானார். அவர்தம் ஆற்றல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது. ஆனால் அத்தகைய பரீட்சைக்குத் தோற்றும் நிலையை எய்துவதற்கே கொழும்பின் சிறந்த பாடசாலையும் வசதியுள்ள குடும்பமும் வேண்டியிருந்தன. வாவிக்கரைக் கமக்காரனின் மகன் அப்போட்டியிலே தோற்றவில்லை. அவன் அதன் வாயிலையே கண்டதில்லை.

இந்நிலையிற் காரைதீவு தந்த சுவாமி விபுலானந்தரின் பணி தனித்து நோக்கத்தக்கது. இராமகிருஷ்ண மிசனின் பாடசாலைகளைக் கிழக்கிலே வளர்த்த அவர், 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். அங்கு மிசன் நடத்திய மாணவர் இல்லம் வறிய பிள்ளைகளுக்கு உறைவிடமும் உணவும் அளித்தது. பிள்ளைக்குப் பணத்தைக் கொடுத்துவிட்டு ஒதுங்காமல், கற்கும் இடத்திலேயே அவனை வாழவைத்தல் என்னும் கருத்தை இங்கே காண்கிறோம். இக்கருத்தே அடுத்த பத்தாண்டுகளில் அரசின் கொள்கையிலும் இடம்பெற்றது.

கல்வி மந்திரி சீ. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வெளிவந்தது. 1945 ஒக்டோபர் முதலாந் திகதி தொடக்கம் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. கட்டணம் நீங்கியமை யாவரும் அறிந்தது. அதற்குச் சற்று முன்பிருந்தே கிராமப் பகுதிகளில் அமைக்கப்பட்டு வந்த மத்திய பாடசாலைகளும், அவற்றுக்கு மாணவரைத் தெரிவதற்கான ஐந்தாந் தரப் புலமைப்பரிசிற் பரீட்சையும் அத்துணை பேசப்படுவதில்லை. இப்பரீட்சையிற் சித்தியடைந்த கிராமத்துப் பிள்ளை விடுதியிலே தங்கி, உணவுண்டு, ஆங்கிலம், விஞ்ஞானம் ஆகியவற்றையுங் கற்கலாம். பரீட்சை புலமையை அளந்தது. விடுதி வறுமையையும் தூரத்தையும் ஒருங்கே வென்றது.

மட்டக்களப்பில் இத்திட்டத்தின் கனியாகத் தோன்றியது வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயம். அதன் தோற்றத்தோடு இப்பிரதேச மக்கள் இணைத்து நினைவுகூரும் பெயர், அரசாங்க சபை உறுப்பினராயிருந்த வ. நல்லையாவினுடையது. சிங்களத்தை மட்டும் அரசகரும மொழியாக்க 1944இல் முன்மொழியப்பட்டபோது, தமிழையும் சேர்க்கவேண்டுமெனத் திருத்தம் கொணர்ந்தவர் அவரே. வாவியின் இருமருங்குக் கிராமங்களிலிருந்தும் பிள்ளைகள் வந்தாறுமூலை விடுதிக்கு வந்தனர். அங்கு கற்றோருள் ஒருவரான பேராசிரியர் சி. மௌனகுரு பேராதனையிற் பயின்று, கிழக்கின் கூத்து மரபைப் பல்கலைக்கழக ஆய்வுக்கும் அரங்குக்கும் உரியதாக்கிய வரலாறு நாம் அறிந்ததே. பரிசில் பெற்ற பிள்ளை தன் மண்ணின் கலையைப் புலமையாக மீளக் கொடுத்தமைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுவதில்லை.

1970களின் தொடக்கத்திற் பல்கலைக்கழக அனுமதியில் தரப்படுத்தலும், 1974இல் மாவட்ட ஒதுக்கீடும் புகுத்தப்பட்டன. தரப்படுத்தல் தமிழ் மாணவருக்கு இழைத்த அநீதியும், அதன் அரசியல் விளைவுகளும் தனியே ஆராயப்பட வேண்டியவை. இக்கட்டுரைக்குத் தொடர்புடையது ஒன்றே: மாவட்ட ஒதுக்கீடு கிழக்கின் பின்தங்கிய பகுதிகளிலிருந்து சிலரைப் பல்கலைக்கழக வாயிலுக்குக் கொண்டுவந்தது. அவ்வாறு வந்தவர் உள்ளே நின்று கற்கப் பொருள் வேண்டியிருந்தது.

1981ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் இருவகையிற் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி வந்தாறுமூலை மத்திய மகா வித்தியாலயத்தின் வளாகத்திலேயே மட்டக்களப்புப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கப்பட்டது. 1986 ஒக்டோபரில் அது கிழக்குப் பல்கலைக்கழகமாயிற்று. புலமைப்பரிசிற் பிள்ளைகளின் பாடசாலை நின்ற நிலமே பல்கலைக்கழகமானது. அதே 1981இல், அன்றைய வர்த்தக அமைச்சர் லலித் அத்துலத்முதலியின் முயற்சியால் மகாபொல உயர்கல்விப் புலமைப்பரிசில் நம்பிக்கை நிதியம் 66ஆம் இலக்கச் சட்டத்தினால் நிறுவப்பட்டது. வர்த்தகக் கண்காட்சிகளும் அதிர்ஷ்டலாபச் சீட்டுக்களும் அதற்கு நிதியளித்தன. அது கிடைக்காத வறிய மாணவருக்குப் பர்சரி என்னும் உதவுதொகை வழங்கப்படுகிறது.

மகாபொலவில் திறமை அடிப்படை, சாதாரணம் என இரு பிரிவுகள் உண்டு. பல ஆண்டுகளாக முதற்பிரிவினர் மாதம் 5,050 ரூபாவும் மற்றையோர் 5,000 ரூபாவும் பெற்றனர். திறமையின் மிகைவிலை ஐம்பது ரூபா! இது நகைப்புக்குரியதாகத் தோன்றலாம். எனினும் உற்று நோக்கின், திறமைக்கு மதிப்பையும் தேவைக்குப் பொருளையும் கொடுப்பதே முறையென்னும் தெளிவு இதில் உண்டெனலாம். 2025ஆம் ஆண்டின் வரவு செலவுத் திட்டம் மகாபொலவை 7,500 ரூபாவாகவும், 4,000 ரூபாவாயிருந்த பர்சரியை 6,500 ரூபாவாகவும் உயர்த்தியது. 2022இன் பொருளாதார நெருக்கடியில் விலைவாசி ஏறிய வேகத்தோடு ஒப்பிடின் இவ்வுயர்வு பிந்தி வந்ததொன்றே.

எனினும் தொகையின் சிறுமையினும் ஆழ்ந்த பிரச்சினை சான்றிதழைப் பற்றியது. விண்ணப்பப் படிவம் குடும்பத்தின் ஆண்டு வருமானத்தைக் கேட்கிறது; கிராம உத்தியோகத்தரும் பிரதேச செயலாளரும் அதனை உறுதிப்படுத்துகின்றனர். மாதச் சம்பளம் பெறுவோன் தன் வருமானத்தை ஒரு தாளிற் காட்டிவிடுவான். வாவியிலே வலைவீசுவோனும் மானாவாரி வயலை நம்பியிருப்போனும் எந்த எண்ணை எழுதுவர்? 1957இன் வெள்ளமும் 1978 நவம்பரின் சூறாவளியும் ஓரிரு நாட்களில் ஆண்டு முழுவதன் விளைவையும் அழித்த நிலம் இது.

போர் இச்சிக்கலை மேலுங் கொடிதாக்கியது. 1990இல் வந்தாறுமூலை வளாகம் இடம்பெயர்ந்தோரின் அடைக்கலமாயிற்று. அவ்வாண்டு செப்டெம்பர் 5ஆந் திகதி அங்கிருந்து 158 பேர் கொண்டுசெல்லப்பட்டனர், அவர்கள் திரும்பவில்லை. இவ்வாறு காணாமற்போனோரின் வீடுகளில் உழைப்பவர் இல்லை. அவர் இறந்தார் என்பதற்குச் சான்றிதழும் இல்லை. இறந்தார் எனக் கூறாது, காணவில்லை என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்குச் சட்டம் இடமளித்தது 2016இலேதான். இடைப்பட்ட கால் நூற்றாண்டில் ஒரு தலைமுறை பாடசாலைப் பருவத்தைக் கடந்துவிட்டது. மிகுந்த தேவையுடையோரே அத்தேவையை நிரூபிக்க மிகவும் இயலாதோராயிருந்தனர் என்பது இவ்வரலாற்றின் கொடிய முரண்.

ஐந்தாந் தரப் பரீட்சையும் தன் பிறப்பு நோக்கினின்று விலகியுள்ளது. வருமானங் குறைந்தோருக்கு அது இன்றும் உதவுதொகை தருகிறது. 2025இல் அத்தொகை 750 ரூபாவிலிருந்து 1,500 ரூபாவாக உயர்த்தப்பட்டது. ஆனால் பெற்றோர் பலருக்கு அது நகரின் பிரபல பாடசாலைக்குள் நுழைவதற்கான போட்டியாகிவிட்டது. தனியார் வகுப்புக்குப் பணங்கட்ட வல்லவரின் பிள்ளை அதிலே முந்துகிறது. வறியவனை உயர்த்த வகுத்த ஏணியில் வசதியுள்ளோனும் ஏறி நிற்கிறான்.

இதுகாறும் கூறியவற்றால் ஓர் உண்மை புலப்படும். பரீட்சை மட்டும் நின்ற காலத்திற் பாடசாலைக்கு அண்மையில் வாழ்ந்தோரே புலவராயினர். சான்றிதழ் மட்டும் நிற்கும்போது தாள் வைத்திருப்போரே வறியவராகின்றனர். கல்வி வாவியைக் கடந்தது, கற்கும் பிள்ளைக்குப் படுக்கையும் உணவும் ஆசிரியரும் ஒரே கூரையின் கீழ்க் கிடைத்தபோதே. ஆதலின் புலமைப்பரிசில் பற்றிச் சிந்திப்போர் தொகையை உயர்த்துவதோடு அமையாது, விடுதிகளைப் பெருக்குவதையும், ஆவணமற்ற குடும்பத்தின் நிலையை ஊரறிந்த ஆசிரியரின் சாட்சியங்கொண்டு ஏற்பதையும் கருதுதல் வேண்டும். காணாது கொடுத்த பரிசிலைப் பெருஞ்சித்திரனார் மறுத்தார். மறுக்கும் நிலையில் நம் வாவிக்கரை மாணவர் இல்லை. எனவே அவர்களை நேரிற் கண்டு கொடுக்கும் கடமை கொடுப்போரையே சார்ந்தது.