ஆடுகள் போடும் முற்றுகை

ஆடுபுலி ஆட்டத்தைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் புலியின் பக்கம் நின்றே எழுதுகிறார்கள். புலி பாய்கிறது, ஆடு வெட்டுப்படுகிறது. ஆகவே இது வேட்டை ஆட்டம், மேய்ச்சல் காட்டுப் பொழுதுபோக்கு என்று முடித்துவிடுகிறார்கள். எனக்கு அது போதவில்லை. இது புலிகளைச் சுற்றி அடைக்கும் முற்றுகை ஆட்டம். ஆடுகள் நகரத் தொடங்குவதற்கு முன்பே, அவற்றை எங்கே எந்த வரிசையில் வைத்தோம் என்பதிலேயே வெற்றி தோல்வி பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. ஆகவே இதைச் சதுரங்கத்தோடு ஒப்பிடுவதைவிட, சீனத்திலும் கொரியாவிலும் ஜப்பானிலும் ஆடப்படும் கோ ஆட்டத்தோடு வைத்துப் பேசுவதுதான் பொருத்தம்.

கட்டத்தையே சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம். உச்சியிலிருந்து நான்கு கோடுகள் இறங்கி அடிக்கோட்டைத் தொடுகின்றன. மூன்று குறுக்குக் கோடுகள் கொண்ட ஒரு செவ்வகம் அவற்றை நடுவில் வெட்டுகிறது. மொத்தம் 23 புள்ளிகள். 3 புலிகள், 15 ஆடுகள். விதிகள் ஊருக்கு ஊர் சற்று மாறினாலும், ஆடுகளை ஒவ்வொன்றாக வைத்து முடிக்கும்வரை எந்த ஆடும் நகரக் கூடாது என்பது பரவலான வழக்கம். புலி ஓர் ஆட்டைத் தாண்டி வெட்ட வேண்டுமானால் அதே கோட்டில் அதற்கு அப்பால் ஒரு புள்ளி காலியாக இருக்க வேண்டும். ஆகவே எல்லாக் கோடுகளும் முடிந்துபோகும் புள்ளியில் நிற்கும் ஆட்டை யாராலும் தொட முடியாது. எண்ணிப் பார்த்தால் அப்படி ஏழு இடங்கள் இருக்கின்றன: உச்சி, அடிக்கோட்டின் இரு முனைகள், செவ்வகத்தின் நான்கு மூலைகள். உச்சியில் வழக்கமாகப் புலி அமர்ந்திருக்கும், ஆறு மிஞ்சும். தேர்ந்தவர்கள் முதல் ஆடுகளை ஓரத்திலும் மூலையிலும் வைப்பதற்குக் காரணம் இதுதான். மீதி ஒன்பது ஆடுகளை ஒன்றுக்கொன்று முட்டுக்கொடுத்து, பின்னால் காலியிடம் விடாமல் வைக்க வேண்டும். ஓர் ஆட்டையும் இழக்காமல் வைத்து முடித்தால் கட்டத்தில் ஐந்து புள்ளிகள்தான் காலி. புலிக்கு மூச்சு முட்டிவிடும். வெட்டுப்படும் ஒவ்வோர் ஆடும் அந்த ஐந்தோடு ஒரு காலியிடத்தைக் கூட்டுகிறது. புலி ஆடுபவர் இதை அறிந்தவரானால், வேலி மூடும்வரை காத்திருக்க மாட்டார். ஏழெட்டு ஆடுகள் இருக்கும்போதே நடுவில் புகுந்து அணியைக் கலைப்பார்.

கற்களை வைத்து இடத்தைச் சுற்றி அடைக்கும் கோ ஆட்டத்தில் 361 புள்ளிகள். அங்கும் மூலை, பிறகு ஓரம், கடைசியில் நடு என்பதே நெடுநாள் பாடம். மூலையைக் காக்கக் குறைந்த கற்கள் போதும். 1933-ல் கோ செய்கென், கிதானி மினொரு என்ற ஆட்டக்காரர்கள் நடுவுக்கு எடை கொடுத்துப் புதிய தொடக்கமுறையை ஆடிக் காட்டினார்கள். 2016-ல் லீ செடோலை 4-1 என்று வென்ற ஆல்ஃபாகோ என்ற கணினி நிரலுக்குப் பிறகு, எதிராளியின் மூலைக்குள் மிகச் சீக்கிரமே புகுவது சாதாரணமாகிவிட்டது. எப்போது சுற்றி அடைப்பது, எப்போது உள்ளே புகுவது என்ற கேள்விதான் இரு ஆட்டங்களுக்கும் உயிர். கோ ஆட்டத்தில் வைத்த கல் நகராது, நம் ஆடுகள் பிறகு நகருமே என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. நேபாளத்தின் பாக்சால் ஆட்டம் இதற்குப் பதில் வைத்திருக்கிறது. அதில் 25 புள்ளிகள், 4 புலிகள், 20 ஆடுகள். லிம் யூ ஜின், யூர்க் நீவர்கெல்ட் என்ற கணினி ஆய்வாளர்கள் அதை முழுதாகக் கணக்கிட்டு, இருவரும் பிழையின்றி ஆடினால் சமநிலை என்று நிறுவினார்கள். ஆடுகள் நகரும் பகுதியின் நிலைகள் சுமார் 8.8 கோடிதான், அவற்றைப் பட்டியலிட்டுவிட முடிந்தது. அவர்களைத் திணறடித்தது ஆடுகளை வைக்கும் பகுதி.

கோ ஆட்டத்தில் இரு தரப்பும் சமம், இங்கே மூன்றுக்குப் பதினைந்து என்பது இன்னொரு மறுப்பு. முற்றுகையில் தரப்புகள் எப்போது சமமாக இருந்தன? மதிலை வளைப்போருக்கு உழிஞை, காப்போருக்கு நொச்சி என்று புறப்பொருள் வெண்பாமாலை இரண்டையும் தனித்தனித் திணையாகவே வைக்கிறது. திருவண்ணாமலை வட்டாரம் இந்த இரண்டையும் பட்டறிந்த பூமி. 14-ஆம் நூற்றாண்டில் போசள மன்னன் மூன்றாம் வல்லாளன் அண்ணாமலையைத் தன் இருப்பிடமாக்கி இங்கிருந்து ஆண்டான். 1342 வாக்கில் அவன் பெரும்படையோடு கண்ணனூர்க் கொப்பம் கோட்டையை வளைத்தான். உள்ளே இருந்தவர்கள் மதுரை சுல்தானிடம் கேட்டுச் சொல்ல அவகாசம் கேட்டார்கள், கொடுத்தான். அந்த இடைவெளியில் சுல்தானின் சிறுபடை எதிர்பாராமல் வந்து விழுந்தது. வல்லாளன் பிடிபட்டுக் கொல்லப்பட்டான் என்று பயணி இபுன் பதூதா எழுதுகிறார். எண்ணிக்கை அவன் பக்கம்தான் இருந்தது; வளையம் இறுகவில்லை. அண்ணாமலையார் கோயிலின் மதில்களே 1753 முதல் 1790 வரை கோட்டையாகிப் பலமுறை கைமாறின. போரிலிருந்து ஆட்டம் பிறந்தது என்று நான் சொல்லவில்லை. சுற்றி நிற்பவன் பலவீனமாக இருக்கும் நேரம், வளையம் மூடுவதற்குச் சற்று முந்தைய நேரம் என்பதை இந்த மண் அறிந்திருந்தது என்கிறேன்.

ஆட்டத்தின் வயதைப் பற்றி மட்டும் எச்சரிக்கை வேண்டும். தமிழகக் கோயில்களின் தளக்கற்களிலும் மண்டபத் திண்ணைகளிலும் இந்தக் கட்டம் கீறப்பட்டிருப்பதைக் காட்டி, கோயிலின் வயதே ஆட்டத்தின் வயது என்று சொல்லிவிடுகிறார்கள். சோழர் தளத்தில் நேற்று ஒருவர் உளியால் கீறியிருக்கலாம். ஆனால் தூணுக்கு அடியில் பாதி மறைந்த கட்டம் அந்தத் தூண் நிறுத்தப்படுவதற்கு முந்தியது. கட்டத்தின் பாதி மட்டும் உள்ள கல், வேறிடத்தில் கிடந்து பெயர்த்துக் கொண்டுவரப்பட்டது. இவை நம்பத்தக்க சான்றுகள். கல் கிடந்த இடத்தில் கிடந்தால்தான் இவற்றைப் படிக்க முடியும். திருப்பணியில் பழைய தளத்தைப் பெயர்த்துப் புதுக்கல் பாவும்போது கல்வெட்டுக்குக் காட்டும் அக்கறையில் ஒரு பங்கை இந்தக் கீறல்களுக்கும் காட்டி, பெயர்ப்பதற்கு முன் படமெடுத்து, எந்தக் கல், எந்த மண்டபம், எந்தத் தூணின் பக்கம் என்று குறித்துவைக்க வேண்டும்.