கேலிச்சித்திரமும் தலைமைச் செருக்கும்

அதிகாரத்தில் அமர்ந்தோர் வசையைப் பொறுத்துக்கொள்வர், நகைப்பைப் பொறார். வசை பாடுபவன் தம்மைப் பெரியவராக மதித்தே வசை பாடுகிறான் என்று அவர்கள் ஆறுதல் கொள்ளலாம். சிரிப்பவனோ அந்த மதிப்பையே மறுத்துவிடுகிறான். கட்சித் தலைவர்கள் கேலிச்சித்திரத்தைக் கண்டு நடுங்கியதன் காரணம் இதுவே.

19ஆம் நூற்றாண்டில் நியூயோர்க் நகரைத் தன் பிடியில் வைத்திருந்தவர் வில்லியம் ருவீட் என்னும் கட்சித் தலைவர். பொதுப் பணத்தைச் சூறையாடிய அவரைத் தோமஸ் நாஸ்ட் என்ற ஓவியர் 1871இல், தலைக்குப் பதிலாகப் பணமூட்டை தாங்கிய பெருவயிற்று உருவமாக வரைந்தார். பத்திரிகைகள் எழுதுவதைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, தம் வாக்காளர் வாசிக்கத் தெரியாதவர்கள், ஆனால் படங்களைப் பார்த்துவிடுகிறார்களே என்று ருவீட் புலம்பியதாகக் கூறுவர். சிறையினின்று தப்பி ஸ்பெயினுக்கு ஓடிய அவர் 1876இல் அங்கு பிடிபட்டதும் நாஸ்டின் சித்திரம் காட்டிக்கொடுத்ததனாலேயே.

இலங்கையிலும் இக்கலைக்கு நல்ல மரபு உண்டு. 1943இல் தோன்றிய ‘43 குழு’ ஓவியர்களுள் ஒருவரான ஒப்றி கொலெட் ஆங்கிலப் பத்திரிகைகளில் பிரதமர்களையும் மந்திரிகளையும் நையாண்டி செய்தார். அவருக்குப் பின் வந்த விஜேசோம, ‘புஞ்சி சிங்ஞோ’ என்னும் ஏழைக் குடிமகனைத் தம் சித்திரங்களில் நடமாடவிட்டார். தமிழில் ‘சிரித்திரன்’ சுந்தர், சவாரித்தம்பரையும் மிஸிஸ் டாமோடிரனையும் படைத்து நம்மவரின் போலிப் பெருமைகளைத் தோலுரித்தார்.

ஆயினும் இந்நாட்டு வரலாற்றில் ஆழமாகப் பதிந்த கேலிச்சித்திரம் ஒரு தேர்தற் சுவரொட்டியே. 1956ஆம் ஆண்டு புத்த ஜயந்தி ஆண்டு. அவ்வாண்டின் பொதுத் தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவரும் பிரதமருமான சேர் ஜோன் கொத்தலாவலவை எதிர்த்து ‘மார யுத்தம்’ என்ற சித்திரம் பரப்பப்பட்டது. போதிமரத்தடியில் அமர்ந்த புத்தரை மாரனின் சேனை தாக்கிய பழங்கதையை அது புதுப்பித்தது. யானை அக்கட்சியின் சின்னம். அந்த யானைமீதேறி மாரனாகப் படையெடுத்து வருகிறார் சேர் ஜோன். மதுவும் களியாட்டமுமாகத் திரள்கிறது பரிவாரம். செல்வச் செருக்கும் மேனாட்டு மோகமும் கொண்ட ஆளும் வர்க்கத்தின்மீது கிராமத்து மக்கள் கொண்டிருந்த நியாயமான வெறுப்பு அதில் உருவம் பெற்றது. தேர்தலில் மொத்தம் 95 ஆசனங்களில் அக்கட்சிக்குக் கிடைத்தவை எட்டே.

செருக்கு வீழ்ந்தது, நாம் மகிழலாமா? அச்சித்திரத்தில் உழைப்பவன் இல்லை, நிலமற்றவன் இல்லை, தமிழ் பேசும் மக்களும் இல்லை. தலைவரின் ஊழலையும் ஆடம்பரத்தையும் மக்களுக்கு இழைத்த துரோகமாகக் காட்டாது, சமயத்துக்கு இழைத்த துரோகமாகவே அது காட்டிற்று. அரசியற் பகைவன் அங்கே சமயப் பகைவனாக மாறுகிறான். தனிச் சிங்களக் கொள்கையையோ, தோற்ற கட்சியும் அவ்வாண்டு பெப்ரவரியிலேயே களனி மாநாட்டில் ஏற்றிருந்தது. ஜூன் மாதம் தனிச் சிங்களச் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தபோது, எமது நிந்தவூர்ப் பக்கத்து வயல்களுக்கு நீர் தரும் கல்லோயாப் பள்ளத்தாக்கில் தமிழர்மீது வன்செயல் வெடித்தது. ஒரு சுவரொட்டியே இவ்வளவுக்கும் காரணம் என்பது வரலாறாகாது. ஆனால் சமயச் சினத்தை வாக்காக மாற்றும் வித்தையை அது கற்றுக்கொடுத்தது என்பதை மறுக்கவும் இயலாது.

ஆகவே, கேலி யாரைக் குத்துகிறது என்பதோடு, யாருடைய பக்கம் நின்று குத்துகிறது என்றும் நாம் கேட்டல் வேண்டும். தலைவரின் ஆசனத்தைக் கேலி செய்யும் கோடு மக்களை விடுவிக்கும். அதே கோடு அவர் பிறந்த இனத்தையோ, தொழும் தெய்வத்தையோ, பேசும் மொழியையோ தொடுமாயின் புதியதோர் ஆணவத்துக்கே அது அரியணை அமைக்கும். எண்ணிக்கையிற் சிறியோரான எம் போன்றோர்க்கு இவ்வேறுபாடு வாழ்வுப் பிரச்சினையாகும்.

இதனால் கேலிச்சித்திரத்துக்குக் கடிவாளம் வேண்டும் என்போர் பிரகீத் எக்னலிகொடவை நினைத்தல் தகும். கேலிச்சித்திரக்காரரும் பத்திரிகையாளருமான அவர், 2010 ஜனவரி 24ஆம் நாள், ஜனாதிபதித் தேர்தலுக்கு இரு நாட்களின் முன் காணாமல் ஆக்கப்பட்டார். அவர் மனைவி சந்தியா நீதி கேட்டு ஆண்டாண்டாய் நீதிமன்றப் படிகளை ஏறி இறங்கினார். அதிகாரத்தின் கையில் கடிவாளத்தைக் கொடுத்தால், அது முதலிற் பற்றியிழுப்பது இத்தகையோரையே. தீய சித்திரத்துக்கு மாற்று, சித்திரத்தைப் படிக்கத் தெரிந்த மக்களே.

தேர்தல் தோறும் நிந்தவூரிலும் கல்முனையிலும் சுவர்களைச் சின்னங்களும் முகங்களும் மூடிவிடுகின்றன. செய்யுளுக்குப் பொருள் சொல்லப் பிள்ளைகளைப் பழக்கும் நாம், அச்சுவர்ப் படங்களுக்குப் பொருள் காணவும் பழக்குவோமாக. யானைமீது இருப்பவர் யார் என்பதைப் பிள்ளைகள் தாமே கண்டுகொள்வர். அதன் காலடியில் கிடப்பவர் யார் என்று கேட்கக் கற்றுக்கொடுப்பது நம் பணி.