காலையில் என்ன சாப்பிட்டாய்?

போன வாரம் மருமகள் கடையிலிருந்து கம்பு மாவு வாங்கி வந்தாள். அரை கிலோ பாக்கெட், 85 ரூபாய். "மாமா, இது உடம்புக்கு ரொம்ப நல்லதாம்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. கூடவே பழைய சங்கடம் ஒன்றும் வந்தது. கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோவில்பட்டிப் பக்கம் எங்கள் ஊர் கரிசல் காடு, மானாவாரி பூமி. ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பிக் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி போடுவார்கள். 1960களில் நான் சிறுவனாக இருந்தபோது நெல்லுச்சோறு தீபாவளிக்கும் பொங்கலுக்கும்தான். இல்லையென்றால் வீட்டுக்கு மாப்பிள்ளை வரவேண்டும். மற்ற நாளெல்லாம் கம்மஞ்சோறு. அம்மா கம்பில் தண்ணீர் தெளித்துப் பிசறி, உரலில் குத்தி, தவிட்டைப் புடைத்துவிட்டு மறுபடியும் குத்துவாள். வயலில் களை எடுத்துவிட்டு வந்த பிறகு இந்த வேலை. அவள் உள்ளங்கை காய்ப்புக் காய்த்துக் கிடக்கும். இன்று பாட்டி காலத்து உணவு என்று மேடையில் பேசுகிறவர்கள் உலக்கையைப் பற்றி ஒரு வார்த்தை சொல்வதில்லை. ராத்திரி மிஞ்சிய சோற்றை உருட்டித் தண்ணீரில் போட்டு வைப்பாள். காலையில் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயத்தைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவோம்.

மத்தியானம் பள்ளியில் சாப்பாடு. காமராசர் முதலமைச்சராக இருந்தபோது 1956இல் வந்த திட்டம். எங்களுக்குக் கிடைத்தது மக்காச்சோள மாவு உப்புமாவும் பால் பவுடரைக் கரைத்த பாலும். இரண்டுமே 'கேர்' நிறுவனம் மூலம் அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தவை. ஊரைச் சுற்றிக் கம்பு விளைந்து கிடக்க, கடல் தாண்டி வந்த மாவைத் தின்று படித்தோம். குறையாகச் சொல்லவில்லை. அந்த உப்புமா இல்லையென்றால் என் வகுப்பில் பாதிப் பேர் மாடு மேய்க்கப் போயிருப்பார்கள்.

அப்புறம் அரிசியின் காலம் வந்தது. 1960களின் நடுவில் கடும் அரிசித் தட்டுப்பாடு. 1967 தேர்தலில் ரூபாய்க்கு மூன்று படி அரிசி என்பது பெரிய முழக்கம். ஆட்சிக்கு வந்த அண்ணா ரூபாய்க்கு ஒரு படி என்று சென்னையிலும் கோவையிலும் தொடங்கினார். கம்புக்காக யாரும் முழக்கம் போட்டதாக எனக்கு நினைவில்லை! 1966இல் பிலிப்பைன்சிலிருந்து ஐ.ஆர்.8 நெல் வந்தது. 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டம். 2008இல் ரேஷன் அரிசி கிலோ ஒரு ரூபாய், 2011இல் இருந்து இலவசம். இதைக் குறை சொல்பவர்களுக்கு வயிறு காய்ந்த அனுபவம் இருக்காது என்பது என் எண்ணம். அரிசி கிடைக்கும்போது எந்தத் தாய் கம்பைக் குத்திக்கொண்டிருப்பாள்? எங்கள் வீட்டு உரல் கோழி தண்ணீர் குடிக்கும் தொட்டியானது. அம்மாவுக்கு அதில் துளியும் வருத்தம் இல்லை. இப்போது அதே காட்டில் மக்காச்சோளம் போட்டுக் கோழித் தீவனத்துக்கு அனுப்புகிறார்கள்.

நம்மாழ்வார் ஐயாவைப் பலருக்குத் தெரியும். 1960களில் அவர் கோவில்பட்டி ஆராய்ச்சிப் பண்ணையில்தான் வேலை பார்த்தார். இந்த ஆராய்ச்சி மானாவாரி விவசாயிக்கு உதவாது என்று வேலையை விட்டுவிட்டுப் போனார். அவர் பேச்சை நாங்கள் காது கொடுத்துக் கேட்க நாற்பது வருஷம் ஆனது. 2023ஐ ஐ.நா. சபையே சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. (இடையில் ஒன்று: கம்பும் கேழ்வரகும் பல ஆயிரம் வருஷத்துக்கு முன் ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவை. மிளகாய் போர்த்துக்கீசியர் கொண்டுவந்தது. ஆகவே நம் மண்ணின் உணவு என்று ரொம்பவும் மார் தட்ட வேண்டாம்.)

சரி, அந்தச் சங்கடத்துக்கு வருகிறேன்.

கம்பு போனதற்கு உலக்கையும் ரேஷனும் மட்டும் காரணமில்லை. வெட்கமும் ஒரு காரணம். அதில் வாத்தியார்களுக்கும் பங்குண்டு, எனக்கும் உண்டு. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஐந்தாம் வகுப்பில் சரிவிகித உணவுப் பாடம். காலையில் என்ன சாப்பிட்டீர்கள் என்று வரிசையாகக் கேட்டேன். இட்லி சார், தோசை சார் என்று சொல்லிக்கொண்டே வந்தார்கள். பாதி பொய் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண் எழுந்து, "கம்மங்கூழ் சார்" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்துவிட்டேன். அன்று காலை என் வீட்டில் ரவா உப்புமா. கம்மஞ்சோறு தின்று வளர்ந்தவன் நான், அதை அந்தப் பிள்ளைகளிடம் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. புத்தகத்தில் இருந்த படத்தைக் காட்டிப் பாலும் முட்டையும் சாப்பிட வேண்டும் என்று பாடத்தை முடித்தேன். அரிசியைவிடக் கம்பில் இரும்புச் சத்து அதிகம் என்பது அன்று எனக்கே தெரியாது.

ஒரு வாரம் கழித்து அதே கேள்வியைக் கேட்டேன். அவள் எழுந்து, தலையைக் குனிந்துகொண்டு, "இட்லி சார்" என்றாள். அவள் வீட்டில் இட்லிப் பானையே கிடையாது.

பெயரை எழுதவில்லை. அம்மா, நீ இதைப் படித்தால் உனக்குத் தெரியும். அன்றைக்குச் சிரித்தது என் தப்பு.