காமிரா: அறையாய்ப் பிறந்த சொல்

தாய்நிலம் விட்டு வந்து வேற்று நிலத்தில் வாழும் மக்களைப் போலவே, தாய்மொழி விட்டு வந்து வேற்று மொழியில் வாழும் சொற்களும் உண்டு. புதியவர் ஒருவரைக் கண்டால் ஊரும் பேரும் கேட்டு உறவு கொள்வது நம் வழக்கம். சொற்களை மட்டும் நாம் அவ்வாறு கேட்பதில்லை. சங்கத்தின் ஆண்டு விழாவில் மேடை முன்னே நின்று நம்மைப் படம் பிடிக்கும் காமிராவின் பெயரை நாள்தோறும் வழங்குகிறோம். அப்பெயர் எங்கே பிறந்தது, எவ்வழியே வந்தது, வந்த வழியில் என்னென்ன பொருள்களைச் சுமந்தது என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

காமிரா எனும் சொல் பிறந்தபோது படத்திற்கும் அதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை. கிரேக்க மொழியில் 'கமரா' என்பது வில்போல் வளைந்த கூரையைக் குறித்தது. இலத்தீன் மொழியார் அதனை ஏற்று, முதலில் வளைந்த கூரையையும், பின்னர் அக்கூரையின் கீழமைந்த அறையையும் அப்பெயராலேயே அழைத்தனர். உறுப்பின் பெயர் முழுமைக்கு ஆகி வருவதை நம் இலக்கணத்தார் சினையாகுபெயர் என்பர். கூரை அறையானதும் அவ்வகையே. இச்சொல்லின் முதற்பொருளைக் கண்ணால் காண விரும்புவோர் திருப்பதிக்கு அருகே சந்திரகிரிக் கோட்டைக்குச் சென்று, மூன்றடுக்கு ராஜ மகாலின் வளைவு வாயில்களை அண்ணாந்து நோக்குவாராக.

இலத்தீன் மொழியின் வழித்தோன்றல்களில் இச்சொல் பல்கிப் பெருகியது. இத்தாலியர் இன்றும் அறையைக் காமெரா என்றே அழைக்கின்றனர். பிரெஞ்சு வழியாக ஆங்கிலம் புகுந்து 'சேம்பர்' ஆயிற்று. நீதிபதியின் சேம்பரும், வணிகர் கூடும் சேம்பரும் அக்குடும்பத்தவையே. ஸ்பெயின் நாட்டில் ஓரறையில் உடனுறைந்தவன் 'கமராதா' எனப்பட்டான். அதுவே ஆங்கிலத்தில் 'காம்ரேட்' ஆயிற்று. தோழமை என்பது ஓரறையில் பிறந்தது என்று அச்சொல் நமக்குச் சொல்கிறதன்றோ? சட்டமன்றம் இரண்டு அவைகளாய் அமைவதைக் குறிக்கும் 'பைகாமரல்' எனும் ஆங்கிலச் சொல்லிலும் இரண்டு அறைகள் உள்ளன. ஆந்திரப் பிரதேசத்தில் 1958ஆம் ஆண்டு தோன்றிய மேலவை 1985இல் கலைக்கப்பட்டு, 2007இல் மீண்டும் உயிர் பெற்றது. தமிழ்நாட்டு மேலவையோ 1986இல் கலைக்கப்பட்டதோடு நின்றது. ஆகவே ஆந்திரம் ஈரறை மாநிலம், தமிழகம் ஓரறை மாநிலம் எனலாம்.

நீதிமன்ற வழக்காறு ஒன்று பலரை மயங்க வைப்பது. 'இன் காமிரா' விசாரணை என்று நாளிதழில் படித்தவுடன், காமிரா முன்னிலையில் படமெடுத்து நடக்கும் விசாரணை என்று எண்ணுவோர் பலர். உண்மைப் பொருள் அதற்கு நேர்மாறானது. அறைக்குள், பிறரை விலக்கி, கதவடைத்து நடத்தும் விசாரணை என்பதே அதன் பொருள். பாதிக்கப்பட்டோரின் மானம் காக்கும்பொருட்டுச் சில வழக்குகளில் சட்டம் இம்முறையை விதித்துள்ளது. பழைய பொருளில் காமிரா மறைப்பது. புதிய பொருளில் காமிரா காட்டுவது. ஒரே சொல் இவ்விரு பொருளும் தாங்கி நிற்பது வியப்புக்குரியது.

இனி இச்சொல் நம் நாட்டிற்கு வந்த வரலாற்றைக் காண்போம். அது வந்தது ஒருமுறை அன்று, இருமுறை. முதன்முறை அது வந்தது போர்ச்சுகீசியர் கப்பலில். 1498ஆம் ஆண்டு வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டுக் கரையை அடைந்த பின்னர், அவர்தம் மொழிச் சொற்கள் பல நம் வீடுகளுக்குள் புகுந்தன. சன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவை போர்ச்சுகீசிய மொழி தந்தவை. அவற்றோடு அறையைக் குறிக்கும் 'காமரா'வும் வந்தது. இந்தியில் அது 'கம்ரா' ஆகி நிலைத்தது; சிங்களத்தில் 'காமரய' ஆயிற்று. தஞ்சை வட்டாரத்துப் பழைய வீடுகளில் கூடத்தை அடுத்துக் 'காமிரா உள்' என்றோர் அறை இருந்தது. அதனுள் படக்கருவி எதுவும் இருந்ததில்லை. அறை என்ற பொருளில் அயற்சொல்லும், உள் என்ற நம் சொல்லும் இணைந்து நின்ற பெயர் அது.

இலங்கை மலையகத்தில் இச்சொல்லுக்கு வாய்த்த வாழ்வு நெஞ்சை உருக்குவது. தமிழகத்திலிருந்து தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்ற தொழிலாளர் வரிசை வரிசையாய்க் கட்டிய லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். ஒரு குடும்பத்திற்கு ஓரறை. அவ்வறையை அவர்கள் 'லயக் காம்பரா' என்றனர். உரோமரின் மாளிகையில் வளைகூரையாய் விளங்கிய சொல், அங்கே சமைப்பதும் படுப்பதும் பிள்ளை பெறுவதும் ஒன்றாய் நடந்த சிற்றறைக்குப் பெயராயிற்று. புலம்பெயர்ந்த சொல்லும் புலம்பெயர்ந்த மக்களும் ஒரு கூரையின் கீழ்க் கூடினர்.

இரண்டாம் முறை அச்சொல் வந்தது அறிவியல் வழியாக. இருண்ட அறை ஒன்றின் சுவரில் சிறுதுளை இட்டால், வெளியே உள்ள பொருளின் உருவம் எதிர்ச்சுவரில் தலைகீழாய் விழும். ஒளி நேர்கோட்டில் செல்வதே காரணம். பொருளின் உச்சியிலிருந்து வரும் கதிர் துளை வழியே கீழ்நோக்கிச் செல்லும். அடியிலிருந்து வரும் கதிர் மேல்நோக்கிச் செல்லும். பதினோராம் நூற்றாண்டில் அரபு மொழி அறிஞர் இப்னு அல்-ஹைதம் இதனை ஆய்ந்து விளக்கினார். 1604ஆம் ஆண்டு ஜெர்மானிய வானியலறிஞர் கெப்ளர் தம் ஒளியியல் நூலில் இவ்வமைப்புக்குக் 'காமெரா அப்ஸ்குரா' எனும் இலத்தீன் பெயரை வழங்கினார். இருட்டறை என்பதே அதன் பொருள்.

அவர் இப்பெயர் இட்ட காலம், விசயநகர மரபின் இரண்டாம் வேங்கடபதிராயர் நம் பகுதியை ஆண்ட காலம். சந்திரகிரியில் விளங்கிய அவரது அவைக்குப் பதினாறாம் நூற்றாண்டின் இறுதியில் போர்ச்சுகீசிய ஆதரவு பெற்ற யேசு சபைத் துறவியர் வந்தனர். அவ்வரச மரபின் பழைய தலைநகராகிய அம்பியில், விருபாட்சர் கோயிலின் உள்ளே இருண்ட அறை ஒன்று உண்டு. அங்கே சிறுதுளை வழியே புகும் ஒளி, இராசகோபுரத்தின் நிழலுருவைச் சுவரில் தலைகீழாய் வீழ்த்துவதை இன்றும் காணலாம். பெயர் ஐரோப்பாவில் பிறந்ததாயினும், அப்பெயர்க்குரிய பொருள் நம் கோயிலிலும் இருந்தது.

அறை பின்னர்ச் சுருங்கிப் பெட்டியாயிற்று. துளையில் கண்ணாடி வில்லை அமர்ந்தது. பிரான்சு நாட்டு நியெப்சு 1820களில் ஒளியின் உருவை நிலைநிறுத்தினார்; 1839ஆம் ஆண்டு தகேர் கண்ட முறை உலகறிய வெளியிடப்பட்டது. 'இருட்டு' எனும் அடைமொழி வழக்கில் உதிர்ந்தது. 'அறை' எனும் சொல் மட்டும் கருவிக்குப் பெயராய் நின்றது. கையடக்கப் பேசிக்குள் கடுகளவாய் அமைந்த இன்றைய காமிராவும் ஓர் அறையே. இருளை உள்ளே அடைத்து, ஒளிக்கு ஒரே ஒரு வாயில் வைத்த அறை.

சென்னையில் ஒளிப்படக் கழகம் 1850களில் தோன்றியது. அக்காலத்தில் சென்னை அரசின் ஒளிப்படக்காரராய் விளங்கிய இலினேயசு டிரைப், 1858ஆம் ஆண்டு தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளக் கல்வெட்டுகளை வரிசையாய்ப் படமெடுத்து, 21 படங்களை ஒட்டி ஏறத்தாழ 19 அடி நீளச் சுருளாக்கினார். இக்கருவி தமிழுக்குச் செய்த முதற்றொண்டுகளுள் ஒன்று கல்வெட்டைக் காத்தது என்பதை நினைவில் இருத்துக.

புதிய கருவி தந்த படத்திற்கு நம்மவர் பெயர்கள் பல இட்டனர். புகைப்படம் என்றனர், நிழற்படம் என்றனர், ஒளிப்படம் என்றனர். அண்டையில் வாழும் தெலுங்கர் 'சாயாசித்திரம்' என்பர். சாயை என்பது நிழலே. ஆயினும் கருவியின் பெயரைப் பொறுத்தவரை, இரு மொழியாரும் காமிராவைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே ஏற்றுக்கொண்டனர். திசைச்சொல்லுக்கும் வடசொல்லுக்கும் இடம் வகுத்தது தொல்காப்பிய நெறி. வந்த சொல்லை வரவேற்பதும், இருந்த சொல்லை மறவாதிருப்பதும் ஒருங்கே இயலும்.

இருந்த சொல்லாகிய 'அறை'யின் பெருமையைத் திருமலையில் காணலாம். தெலுங்கில் அறையை 'அர' என்பர்; தமிழும் தெலுங்கும் உடன்பிறந்த மொழிகள் என்பதற்கு அது ஒரு சான்று. திருவேங்கடவன் கோயிலினுள் 'தாள்ளபாக அர' எனும் சிற்றறை ஒன்று உண்டு. 1408 முதல் 1503 வரை வாழ்ந்தவர் எனக் கொள்ளப்படும் அன்னமாச்சாரியாரும் அவர் வழியினரும் பாடிய கீர்த்தனைகள் செப்பேடுகளில் பொறிக்கப்பட்டு அவ்வறையில் வைக்கப்பட்டன. பல தலைமுறைகள் அவை இருளில் கிடந்தன. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் 2,000க்கும் மேற்பட்ட அச்செப்பேடுகள் வெளிவந்து, படியெடுத்து அச்சேறின. இன்று நாடெங்கும் ஒலிக்கும் அப்பாடல்கள் ஓர் இருட்டறை காத்துத் தந்த செல்வம். அக்கோயிலினுள் கிருட்டிணதேவராயரும் தேவியர் இருவரும் கைகூப்பி நிற்கும் செப்புத் திருமேனிகளும் உண்டு. படக்கருவி தோன்றாக் காலத்தில் மன்னன் தன் பத்தியை உலோகத்தில் நிறுத்திச் சென்றான். இன்றோ அக்கோயிலினுள் காமிரா கொண்டு செல்லத் தடை. அறை எனப் பெயர்கொண்ட கருவி கருவறை முன்னே வாயிலுக்கு வெளியே நிற்கிறது.

மண்ணில் தடைபட்ட காமிராவுக்கு விண்ணில் தடையில்லை. 2022 ஏப்ரல் 4 அன்று அமைந்த திருப்பதி மாவட்டத்தில் ஸ்ரீஹரிகோட்டாவும் சேர்க்கப்பட்டது. அத்தீவிலிருந்து 2013 நவம்பர் 5 அன்று புறப்பட்ட மங்கள்யான் ஒரு வண்ணக் காமிராவைச் செவ்வாய்க்குச் சுமந்து சென்று, அக்கோளின் உருவை நமக்கு அனுப்பியது. உரோமரின் வளைகூரை நம் மாவட்டத்துக் கரையிலிருந்து வானேறிய வரலாறு இது.

இவ்வாராய்ச்சியால் நாம் கொள்ளும் பயன் யாது? இப்பகுதித் தமிழருள் சிலர் இங்கு வந்து குடியேறியவர். சிலர் இருந்த இடத்திலேயே இருக்க, எல்லை அவர்களைக் கடந்து சென்றது. 1911இல் சித்தூர் மாவட்டம் அமைந்தது. 1953இல் அது ஆந்திர மாநிலத்தில் சேர்ந்தது. 1960இல் திருத்தணிப் பகுதி சென்னை மாநிலத்திற்கு மாறியது. எல்லைகள் மாறினும் கற்கள் மாறவில்லை. திருமலைக் கோயில் கல்வெட்டுகளுள் பெரும்பகுதி தமிழில் உள்ளது. அவை நூல்களாய் வெளிவந்து காப்புப் பெற்றன. சிற்றூர்க் கோயில்களின் சுவரெழுத்தும், நம் வீட்டுப் பரணில் உறங்கும் ஓலையும், பழைய கிரயப் பத்திரமும், பாட்டனார் திருமணப் படமும் அத்தகைய காப்புப் பெற்றனவா? சுண்ணாம்பு பூசியும், செல்லரித்தும், நம் பிள்ளைகள் தமிழெழுத்தை மறந்தும், அவை ஆண்டுதோறும் குறைந்து வருகின்றன.

இன்று ஒவ்வொருவர் சட்டைப்பையிலும் ஒரு காமிரா உண்டு. அதனைத் தன்முகம் பார்க்கும் கண்ணாடியாக மட்டும் கொள்ளாது, அடுத்த ஆண்டு விழாவுக்குள் குடும்பத்திற்கு ஒரு பழம்பொருளைப் படமெடுத்துச் சங்கத்தில் சேர்ப்போமாக. கல்வெட்டாயின் ஊரும் இடமும் குறித்தல் வேண்டும். படமாயின் அதிலுள்ளோர் பெயரை மூத்தோரிடம் கேட்டு எழுதுதல் வேண்டும். பெயர் எழுதாத படம் ஒரு தலைமுறைக்குப் பின் அயலார் படமே. காமிரா ஓர் அறை. அதனுள் நாம் எதை வைக்கிறோமோ, அதுவே நம் வழியினர்க்குக் கிட்டும்.